திதியை முக்காலால் பெருக்கு

சிவ்ரி ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நட.
லாரிகளுக்கு வழிவிடு.
எண்ணெய்த் தொட்டிகளின் மதிலில்
மூத்திரத்துக்குப் பயந்து யாரோ சாமி ஓடுகள் பதித்திருக்கிறார்கள்,
அந்தச் சாமிகளையும் தாண்டிப் போ.
தார் முடிகிற இடத்தில் கடல் இருக்காது.
சேறு இருக்கும்.
அதுதான் இடம்.

நான் முதலில் போன ஞாயிறு
தண்ணீர் ததும்பி நின்றது.
ஓட்டைப் படகு, ஒரு காகம், நான்.
மூன்று ஞாயிறு இப்படியே.
நாலாவது முறை, கூடையில் இறால் பிரித்துக்கொண்டிருந்த சுகந்தா வைதி,
என் வயதுதான் இருக்கும்,
தலை நிமிராமல் கேட்டாள்:
"உனக்கு ஞாயிறு லீவு. அதுகளுக்கு?"
பிறகு ஈர விரலை மடக்கினாள்.
திதியை முக்காலால் பெருக்கு,
வருகிற மணிக்குக் கடல் நிறையும்.
ஆறு மணி நேரம் தள்ளினால் வற்றும்.
வற்றித் திரும்ப ஏறும்போது வா,
தண்ணீர் அதுகளை உன் காலடிக்குத் தள்ளிக்கொண்டு வரும்.

டோம்பிவிலி வீட்டில் அன்றே
பேங்க் காலண்டரைக் கழற்றிவிட்டுப் பஞ்சாங்கம் மாட்டினேன்.
ராகுகாலம் பார்ப்பதில்லை. எமகண்டம் பார்ப்பதில்லை.
அஷ்டமியில் நல்ல காரியம் ஆகாது என்பார்கள்.
எட்டை முக்காலால் பெருக்கினால் ஆறு,
ஆறுக்கு வெள்ளம், நண்பகலில் சேறு,
ஒரு மணிக்குப் பூநாரை.
அரை நாள் லீவு போதும்.

ரோஜா நிறம் என்பதெல்லாம் தூரத்துப் பேச்சு.
பக்கத்தில் அவை
துவைத்துத் துவைத்து வெளுத்த உள்பாவாடை நிறம்.
அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றை வடிகட்டியபடி
கல்யாணப் பந்தியில் பேச்சற்றுச் சாப்பிடுகிறவர்கள் போல.
புதுப் பாலத்தில் ஏதோ இடித்த சத்தம்,
எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன.
அப்போதுதான் தெரிந்தது,
சிவப்பை அக்குளில் வைத்திருக்கின்றன.

பாண்டுப்பில் கழிவுநீர் ஏற்றும் நிலையம்.
வாசல் பதிவேட்டில் பெயர், வண்டி எண், நோக்கம்.
நோக்கத்தில் "உள்ளான்" என்று தமிழில் எழுதினேன்.
காவலாளிக்குப் புரியவில்லை.
பொய்யும் இல்லை, உள்ளேதான் இருந்தான்,
வாலை ஆட்டிக்கொண்டு,
நாங்கள் நேற்றுக் குளித்த தண்ணீரின் ஓரத்தில்.

பங்குனிக் கடைசியில் சேலத்திலிருந்து அழகம்மையின் செய்தி:
"எங்கள் காலேஜ் வளாகத்தில் ஆறுமணிக் குருவி
நாலு நாளாகக் கூப்பிடவில்லை."
பதில் போடவில்லை. காத்திருந்தேன்.
வைகாசி முடியும்போது போரிவலிக் காட்டில்,
மூங்கில் சருகு குமிந்த ஓடைக்கரையில்,
இரண்டு சீழ்க்கை.
மணி ஏழே முக்கால்.
இங்கே அதற்கு நேரங்காலம் இல்லை போலிருக்கிறது,
பெண் தேடி வந்த இடம்.
தாதர் பார்சல் ஆபீஸில் பதினாறு வருஷம் முத்திரை குத்திய கை
தானாகத் தட்டியது:
"சரக்கு வந்து சேர்ந்தது. சேதாரம் இல்லை."

ஆடி மழையில் எங்கும் போகவில்லை.
பைனாகுலரில் பூஞ்சை. நோட்டில் வெற்றுத் தாள்கள்.
ஒரு செவ்வாய் சாயங்காலம்
சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே
தண்டவாளம் முழுகி ரயில் நின்றது.
இரண்டரை மணி நேரம்.
யாரோ கடலை வாங்கி வைத்திருந்தார், பங்கு வந்தது.
ஒருவர் ரயில்வேயைத் திட்டினார்,
நான் அடையாள அட்டையைச் சட்டைக்குள் தள்ளினேன்.
கதவோரம் சாக்கடை, சாக்கடையோரம் நாணல்.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"அங்கே என்ன?" என்றான் முதுகில் பை மாட்டிய பையன்.
"அந்த நாணலில் ஒன்று நாணல் இல்லை."

கழுத்தை வானத்துக்கு நீட்டி,
காற்றுக்கு நாணல் ஆடினால் தானும் ஆடி,
செங்குருகு.
பையன் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.
அவன் இன்னொருவனுக்குக் காட்டினான்.
திட்டியவரும் எழுந்து வந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு.
"நகரவே மாட்டேன் என்கிறதே" என்றார்.
"நாமும்தான்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

வண்டி குலுங்கியது.
நோட்டில், இடம் என்ற பத்தியில் எழுதினேன்:
கம்பம் 14/7. இரண்டாவது கதவு. இடப்பக்கம்.